மகன் ஓ.டி.யில் இருக்கிறான்!

சென்ற மாதம் ஒரு நாள் இரவு. மணி எட்டரை இருக்கும். இலையில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்திருப்பேன். எதிர் வீட்டு அம்மாள் அலறிக் கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணே! எம் பையனை ஆபரேஷன் தியேட்டருக்குள்ளே கொண்டு போயிட்டாங்களாம்! எந்த ஆஸ்பத்திரின்னு கூடத் தெரியலையே, நான் என்னா பண்ணுவேன்!"

நான் கையை உதறிக் கொண்டு எழுந்தேன். என் மனைவி ஒரு சொம்பு தண்ணீருடன் ஓடி வந்து அந்த அம்மாளை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

பையனை எனக்கு நன்றாகத் தெரியும். ராயபுரத்தில் எங்கள் தெருவில் பம்பரம் விட்டு வளர்ந்தவன். இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். காலையில் கூட எனக்குக் கையை ஆட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"கூட வேலை செய்யற பிள்ளைதான் போன்லே சொல்லிச்சு."

"பதறாதீர்கள். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள், பார்க்கலாம்."

"'அவன் ஓ.டி.லே இருக்கான்மா, இப்போ பேச முடியாது, காலையிலேதான் வெளியே வருவான்'னு சொல்லிட்டு வெச்சுட்டான், அண்ணே!"

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாதுதான்.

"ஓ.டி. என்றால் ஓவர்டைம், அம்மா! உங்கள் பையன் கூடுதல் நேரம் வேலை பார்க்கிறான். விடிந்ததும் வந்துவிடுவான்" என்றேன்.

அந்த அம்மாள் உடனே நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. போன மாதம்தான் அவர் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே அவர் பொழுது போயிற்று. அங்கே நர்ஸுகள் வாயில் ஓயாமல் கேட்ட வார்த்தை 'ஓ.டி.'. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும் அந்த அறைக்குத்தான் ஓ.டி. என்று பெயர் என்பதை அவர் அங்கே கற்றுக் கொண்டார். தொழிற்சாலையில் அதே இரண்டு எழுத்துக்கு வேறு அர்த்தம் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

போனில் பேசிய பிள்ளை பேரிலும் தப்பில்லை. அந்த அம்மாள் பேரிலும் தப்பில்லை. தப்பு அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒளிந்து கொண்டிருந்த அர்த்தத்தின் பேரில்தான்.

*

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசிக்க யோசிக்க, நாம் வாழ்வதே இந்தப் புள்ளி வைத்த எழுத்துக்களுக்கு நடுவில்தான் என்று தோன்றியது.

எங்கள் வட சென்னையைத்தான் எடுத்துக் கொள்ளுங்களேன். வீட்டை விட்டு இறங்கினால் டி.எச். ரோடு. 'திருவொற்றியூர் ஹை ரோடு' என்பதன் சுருக்கம் அது. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. திருவொற்றியூர் 'தி'யில் ஆரம்பிக்கும் ஊர். இங்கிலீஷுக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பி வரும்போது 'தி' எங்கேயோ காணாமற் போய் 'டி' ஆகிவிட்டது! சீமைக்குப் போன பிள்ளை தொப்பி போட்டுக் கொண்டு திரும்பி வந்த மாதிரி.

ராயபுரத்தில் எம்.எஸ். கோயில் தெரு என்று ஒரு தெரு. தஞ்சாவூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த என் மாமா அந்தப் பெயரைக் கேட்டதும், "அடேடே! எம்.எஸ். அம்மாளுக்கு நீங்கள் கோயிலே கட்டிவிட்டீர்களா? பேஷ்! சங்கீதம் தெரிந்த ஊர்!" என்று மெய்சிலிர்த்துப் போனார். மன்னார்சாமி கோயில் தெரு என்று சொன்ன பிறகுதான் அவருடைய ஆனந்தம் சற்றுத் தணிந்தது.

திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் செய்து கொண்டிருந்தார்கள். அதுதான் பின்னாளில் டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி! அந்த மூன்று எழுத்துக்குள்ளே நம் ஊரின் பழைய பெயரே இருக்கிறது. மணலியில் 1965-ல் எம்.ஆர்.எல். என்று ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் கம்பெனி உண்டாயிற்று. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட். 2000-ல் அதற்குச் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் லிமிடெட் என்று பெயர் மாறி, சி.பி.சி.எல். ஆகிவிட்டது. எழுத்து மட்டும் தெரிந்தவனுக்கு இவை இரண்டு கம்பெனி. அர்த்தம் தெரிந்தவனுக்கு ஒன்றுதான்.

சுருக்கமே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. ராயபுரத்தில் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜனங்களுக்கு அது ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி. இடுப்பு வலி எடுத்த பெண்ணை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அவ்வளவு நீளப் பெயரையும் டிரைவரிடம் முழுக்கச் சொல்லிக் கொண்டிருந்தால், பெயர் முடிவதற்குள் பிள்ளை பிறந்துவிடும்! தெரிந்தவருக்குத் தெரிந்தவர் பேசும்போது சுருக்கம் ஒரு சௌகரியம். தெரியாதவர் முன்னால் பேசும்போதோ, அது தாழ்ப்பாள் போட்ட கதவு.

*

இங்கிலீஷ் எழுத்துக்களைத் தமிழில் எழுதும்போது இந்தத் தாழ்ப்பாளுடன் ஒரு பூட்டும் சேர்ந்து கொள்கிறது. இங்கிலீஷில் தனித்தனியாக இருக்கும் இரண்டு எழுத்துக்கள் தமிழில் ஒரே 'டி' ஆகிவிடுகின்றன. வேறு இரண்டு எழுத்துக்கள் ஒரே 'பி' ஆகிவிடுகின்றன.

ரத்த அழுத்தம் 'பி.பி.'. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையும் 'பி.பி.'தான். கோர்ட்டிலே அரசாங்க வக்கீலும் 'பி.பி.'. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளருக்காக 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தாரே வாடியா, அவரும் 'பி.பி.' வாடியா!

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர். அவரிடம் டாக்டர், "அடுத்த தடவை பி.பி. பார்த்துக் கொண்டு வாருங்கள்" என்றாராம். இவர் மருந்துக் கடைக்குப் போய்க் கையில் பட்டையைக் கட்டிக் கொண்டு, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கிக் கொண்டு, பரீட்சையில் தேறிய பையனைப் போல் டாக்டர் முன்னால் போய் நின்றார். டாக்டர் கேட்டதோ சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை! அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த மாதம் முழுவதும் சர்க்கரை ஏறிக் கொண்டே இருந்திருக்கிறது.

இது இங்கிலீஷ் சுருக்கத்துக்கு மட்டும் வந்த வினை அல்ல. வாடியாவுடன் அந்தச் சங்கத்துக்காகப் பாடுபட்டவர் திரு.வி.க. கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள் அவரை 'மிஸ்டர் வி.க.' என்றே இத்தனை நாள் நினைத்துக் கொண்டிருந்தாள். 'திரு' என்பது அங்கே மரியாதைச் சொல் அல்ல, திருவாரூர். 'வி' விருத்தாசலம். 'க' கலியாணசுந்தரம். நான் சொன்னதும், "இதை ஏன் பெரியப்பா யாருமே சொல்லித் தரவில்லை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

*

நம் பாட்டனார்கள் சுருக்கெழுத்தில் நம்மை விடப் பெரிய ஆசாமிகள். பழைய கணக்குப் புஸ்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். வருஷத்துக்கு ௵. மாதத்துக்கு ௴. தேதிக்கு ௳. ரூபாய்க்கு ௹. 'மேற்படி' என்று எழுதச் சோம்பல் பட்டு, அதற்கும் ஒரு சுழி: ௸. கணக்குப்பிள்ளையிடம் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதல் நாள் பாடமே இதுதான். சுழியைப் போட்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சந்தேகம் வந்தால் கேட்டுக் கொள்ளலாம்.

2003-ல் உலக எழுத்துக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் யூனிகோட் பட்டியலில் இந்தச் சுழிகளும் இடம் பிடித்தன. அதே 2003-ல்தான் தமிழ் விக்கிப்பீடியாவும் ஆரம்பமாயிற்று. ஆனால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படிப்பவருக்குப் பக்கத்தில் கணக்குப்பிள்ளை இல்லையே! சந்தேகத்தை யாரிடம் கேட்பது?

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று என் தம்பி மகள்தான் காட்டினாள்.

விக்கி என்பது யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற ஏற்பாடு. அந்தப் பக்கங்களில் ஒரு சுருக்கம் வருகிற இடத்தில், எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் போட்டு, அதற்குள் முழுப் பெயரையும் எழுதி வைக்கலாம். படிக்கிறவர் கண்ணுக்கு, அந்த எழுத்துக்களுக்கு அடியில் சின்னச் சின்னப் புள்ளியாக ஒரு கோடு தெரியும். கம்ப்யூட்டருடன் இருக்கும் எலியை நகர்த்தி அம்பை அந்த எழுத்தின் மேல் கொண்டு போய் நிறுத்தினால், ஒரு குட்டிச் சீட்டு எட்டிப் பார்த்து, 'ஐயா, எனக்கு இதுதான் அர்த்தம்' என்று சொல்லும். அம்பை நகர்த்தினால் மறைந்துவிடும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் காதோடு காதாக, 'அவர்தான் சம்பந்தி' என்று சொல்வது போல!

இணையப் பக்கங்களை அமைக்கும் விதிகளில் 1997-லேயே இந்தக் குறி சேர்ந்துவிட்டது. அதன் பெயர் 'ஏபிபிஆர்'. அது என்ன என்கிறீர்களா? 'சுருக்கம்' என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையின் சுருக்கம்! சுருக்கத்துக்கு அர்த்தம் சொல்ல வந்த குறிக்கே அர்த்தம் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது.

"பிரமாதமான ஏற்பாடு! எதிர் வீட்டு அம்மாளிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினேன்.

"கொஞ்சம் இருங்கள், பெரியப்பா. அந்த அம்மா எதிலே படிப்பார்கள்?"

"கைப்போனில்தான்."

"கைப்போனுக்கு ஏது எலி?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கைப்போனில் அம்பும் கிடையாது, மேலே நிறுத்திப் பார்ப்பதும் கிடையாது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாலும், பெரும்பாலும் அந்தக் குட்டிச் சீட்டு எட்டிப் பார்ப்பதில்லை. கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் கருவிகளிலும், அதற்கென்று சொல்லி வைத்தால்தான் முழுப் பெயரைப் படிக்கும், எல்லாவற்றிலும் படிப்பதில்லை. அதனால்தான் விக்கிப்பீடியாவின் எழுத்து முறை விதிகளே, 'முதல் தடவை முழுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் சுருக்கத்தைக் கொடு. அப்புறம் சுருக்கத்தை மட்டும் எழுதிக் கொள்' என்கின்றன. ஒளித்து வைத்த சீட்டு நல்லதுதான். ஆனால், முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்லிவிடுவதற்கு அது ஈடாகாது.

*

'போகட்டும், ஐயா! ஓர் அர்த்தம் தெரியாவிட்டால் குடியா முழுகிவிடும்?' என்று சிலர் கேட்கலாம். சில சமயம் முழுகித்தான் விடும்.

டாக்டர் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'ஓ.டி.' என்று இருக்கும். இது மூன்றாவது ஓ.டி.! ஓவர்டைமும் இல்லை, ஆபரேஷன் தியேட்டரும் இல்லை. 'தினம் ஒரு வேளை' என்பதற்கான லத்தீன் சுருக்கம். 'பி.டி.' என்றால் இரண்டு வேளை. 'டி.டி.எஸ்.' என்றால் மூன்று வேளை. இதே டி.டி.எஸ்., வருமான வரிக்காரருக்குச் சம்பளத்திலேயே பிடித்துக் கொள்ளும் வரி. தண்ணீர் கேன் போடுகிறவருக்கோ, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு. குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரே குடும்பத்தில் மாமியாரின் மருந்துச் சீட்டிலும், மகனின் சம்பளச் சீட்டிலும், மருமகளின் தண்ணீர்க் கவலையிலும் ஒரே டி.டி.எஸ்.!

துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் கப்பல் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மருந்துச் சீட்டில் அதே எழுத்துக்கள், 'தேவைப்பட்டால் மட்டும் சாப்பிடு' என்று சொல்கின்றன. கப்பலின் எஸ்.ஓ.எஸ். எதற்குமே சுருக்கம் அல்ல. தந்தியில் தட்டச் சுலபமாக இருக்கிறதென்று தேர்ந்தெடுத்த ஒலி. அதற்கு 'எங்கள் ஆத்மாக்களைக் காப்பாற்றுங்கள்' என்று விரிவுரை செய்ததெல்லாம் பிற்பாடு. மருந்துச் சீட்டில் இருப்பதோ அசல் சுருக்கம்.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளைச் சோதித்துச் சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் என்ற அமைப்பு, 2004-ல், 'இந்தச் சுருக்கங்களை எழுதவே கூடாது' என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் ஒன்று, யூனிட் என்பதற்குப் பதிலாக ஒற்றை 'யூ' எழுத்தைப் போடுவது. இங்கிலீஷ் 'யூ'வை அவசரத்தில் கிறுக்கினால் பூஜ்யம் போல் இருக்கும். பத்து யூனிட் இன்சுலின் நூறு ஆகிவிடும். ஒரு வார்த்தையை முழுசாக எழுதச் சோம்பல் பட்டதற்கு ஓர் உயிரையா விலையாகக் கொடுப்பது?

*

உயிருக்கு அடுத்தபடி, பிழைக்கும் இடம். அதற்கும் இந்த எழுத்துக்கள் வந்துவிட்டன.

கடலோரத்தில் பெரிய தொழில்கள் வருவதற்கு முன்னால், பல வகைத் திட்டங்களுக்கு, ஜனங்களைக் கூட்டி வைத்து அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதற்கான ஆய்வறிக்கையின் சாரத்தை அந்தந்த ஊர்ப் பாஷையிலும் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால், 'எச்.டி.எல்.' என்று தமிழ் எழுத்தில் அச்சடித்துவிட்டால் அது தமிழாகி விடுமா?

எச்.டி.எல். என்பது வேறொன்றுமில்லை. ஓதம் மிக உயரமாக ஏறும்போது தண்ணீர் வந்து எட்டும் எல்லைக் கோடு. 1991-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில், அந்தக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இன்னது செய்யலாம், இன்னது செய்யக் கூடாது என்று வகுத்தார்கள். 2011-லும் 2019-லும் புது அறிவிக்கைகள் வந்தன. எதிலும் அந்தக் கோடுதான் ஆதாரம்.

எண்ணூர் முகத்துவாரத்தில் வலை வீசும் ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். அமாவாசைக்குத் தண்ணீர் எங்கே வரும், பௌர்ணமிக்கு எங்கே நிற்கும், புயலடித்த வருஷம் எந்தத் திண்ணை வரை ஏறியது என்று அவரைக் கேட்டால் காலால் மணலில் கோடு கிழித்துக் காட்டுவார். அந்தக் கோட்டைப் பற்றி அவரை விடத் தெரிந்தவர் எந்தக் காரியாலயத்திலும் இருக்க முடியாது. ஆனால், மேடையில் ஒருவர் 'எச்.டி.எல்.' என்று படிக்கும்போது, அந்தப் பெரியவர் தமக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம் என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். தம் வாசலைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது! மூன்று எழுத்து, அவருடைய அறுபது வருஷ அனுபவத்தை வாயடைத்து உட்கார வைத்துவிடுகிறது.

*

இதற்கெல்லாம் பெரிய சட்டம் வேண்டியதில்லை. எழுதுகிறவர்கள் முதல் தடவை முழுசாகச் சொல்லிவிட்டால் போதும். டாக்டர் சீட்டு ஆனாலும் சரி, சர்க்கார் நோட்டீஸ் ஆனாலும் சரி, விக்கிப் பக்கம் ஆனாலும் சரி. படிக்கிற நாமும் ஒரு காரியம் செய்ய வேண்டும். தெரியாத எழுத்தைக் கண்டால் வெட்கப்படாமல், "அதற்கு என்ன அர்த்தம், ஐயா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சமயத்தில், சொல்ல வேண்டிய மனிதருக்கே அர்த்தம் தெரியாமல் அவர் தலையைச் சொறிவதையும் பார்க்கலாம்!

எதிர் வீட்டு அம்மாள் இப்போது கெட்டிக்காரியாகிவிட்டார். மாத்திரை அட்டை ஒவ்வொன்றின் பின்னாலும் மருந்துக் கடைக்காரரைக் கேட்டு, 'காலை ஒண்ணு', 'ராத்திரி ஒண்ணு' என்று தமிழிலே எழுதி வாங்கிக் கொள்கிறார்.

நேற்று இரவும் பையனுக்கு வேலை நீண்டுவிட்டதாம். ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் வந்து கைப்போனை என் முன்னால் நீட்டினார். மகன் அனுப்பிய சேதி அதில் இருந்தது:

'அம்மா, கூடுதல் வேலை. ராத்திரி இங்கேதான். சாப்பிட்டேன். நீ தூங்கு.'

ஒரு புள்ளி வைத்த எழுத்துக் கூட இல்லை. "படிச்சீங்களா, அண்ணே?" என்று பெருமையாகச் சிரித்துவிட்டு, அந்தத் தாய் தூங்கப் போனார்.